கோஷா ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் இருபத்தெட்டாவது நாளும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். நிஜக் காரணம் வேற. பகல் பூரா பொட்டி தட்டிட்டு, ராத்திரியில ஒரு மாத்திரையோட சரித்திரத்தைத் தேடித் தேடிப் படிச்சிட்டு இருந்தேன். படிச்சதை எங்கேயாவது கொட்டணுமே. சிக்கினது நீங்கதான் மக்கா :-)

விஷயம் இப்படி ஆரம்பிச்சது. கல்யாணமாகி ரெண்டு வருஷம். அடுத்து குழந்தைன்னு நானும் தங்கமணியும் ஒரு மாதிரி முடிவு பண்ணி, வீட்டுப் பக்கத்துல இருக்கிற லேடி டாக்டர்கிட்ட போனோம். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், ருபெல்லான்னு வரிசையா எழுதினாங்க. சொந்தத்துல கல்யாணமான்னு கேட்டாங்க. கடைசியில ஒரு சின்ன மாத்திரையை எழுதி, "இன்னிலேர்ந்தே ஆரம்பிச்சிடும்மா" அப்படின்னாங்க. ஃபோலிக் ஆசிட்.

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இன்னும் ஒண்ணுமே ஆகலையே டாக்டர், ஆனப்புறம் போட்டா போதாதா?"

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, சீட்டைத் திருப்பிப் போட்டு பின்பக்கம் ஒரு கோடு கிழிச்சாங்க. "ஆகி, உங்களுக்குத் தெரிஞ்சு, என்கிட்ட வர்றதுக்குள்ள முக்கியமான வேலை முடிஞ்சு போயிருக்கும்ப்பா."

அந்தக் கோட்டை அப்படியே இங்க தர்றேன். டாக்டர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கோட முதல் நாள்லேர்ந்து எண்ணுவாங்க. அதாவது முதல் ரெண்டு வாரம் கர்ப்பமே கிடையாது, ஆனா கணக்குல உண்டு. (நம்ம பசங்க யாராவது இப்படி ஒரு கவுண்டர் எழுதினா டேமேஜர் சும்மா விடுவாரா?) பதினாலாம் நாள் வாக்குல கரு உண்டாகுது. அது கருக்குழாய் வழியா மெதுவா உருண்டு வந்து கருப்பைச் சுவர்ல ஒட்டிக்கிறதுக்கே இன்னொரு ஆறிலேர்ந்து பத்து நாள் ஆகும். மூணாவது வாரத்துல கருவோட முதுகுப் பக்கம் தட்டையா ஒரு தகடு உருவாகி, ரெண்டு ஓரமும் மேல எழும்பி, நடுவுல சேர்ந்து குழாயா மூடிக்க ஆரம்பிக்குது. கரு உண்டாகி சுமார் 22-ம் நாள் கழுத்துப் பக்கம் மூட ஆரம்பிச்சு, ஜிப் மாதிரி மேலயும் கீழயும் போகும். தலைப்பக்கம் சுமார் 25-ம் நாள் மூடும். வால்பக்கம் சுமார் 28-ம் நாள். அப்போ அந்தக் கருவோட நீளம் நாலு மில்லிமீட்டர் சொச்சம். எள்ளை விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். அந்தக் குழாய்தான் பிற்பாடு மூளையும் தண்டுவடமும்.

தலைப்பக்கம் மூடலைன்னா மூளையும் மண்டையோடும் சரியா உருவாகாது, அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் மூடலைன்னா ஸ்பைனா பிஃபிடா. முதுகுத்தண்டு திறந்தே இருக்கும். கால் வராமல் போகலாம், தலையில் நீர் கோர்க்கலாம்.

இப்போ கணக்குப் போடுங்க. கரு உண்டாகி 14 நாள் கழிச்சுத்தான் மாதவிலக்கு தள்ளிப்போகுது. ஒரு வாரம் பார்ப்போம்னு இருப்பாங்க, அது 21. டெஸ்ட் பண்ணி, புருஷன்கிட்ட சொல்லி, டாக்டர்கிட்ட நேரம் வாங்கிப் போறதுக்குள்ள 28 தாண்டிடும். டெட்லைன் முடிஞ்சப்புறம் ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச மெயில் வர்ற மாதிரி.

சீட்டை மடிச்சுப் பையில வெச்சுட்டு வெளிய வந்தேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. காரணம் எங்க அக்கா. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். (அவகிட்ட கேட்டு, அவ சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் எழுதுறேன்.)

2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம் ஞாபகம் இருக்கா? எங்க ஊர் திண்டுக்கல்ல முழு வளையமாத் தெரிஞ்சது. அக்கா அப்போ நாலாவது மாசம், சரியா 16 வாரம், அம்மா வீட்டுக்கு வந்திருந்தா. காலையில கிரகணம் பிடிச்சிருக்கிற நேரத்துல மொட்டை மாடிக்குப் போயி காயப்போட்ட துணியை எடுத்துட்டு வந்துட்டா. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. அம்மா அன்னிக்குப் போட்ட சத்தத்தை நான் சென்னையில போன் வழியாவே கேட்டேன். மூணு வாரம் கழிச்சு ஸ்கேன். குழந்தையோட முதுகுத்தண்டு மூடலை, தலையில நீர். 19 வாரத்துல கலைச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னிக்கும் ஜீரணிக்க முடியாதது. மாமியார் வீட்டுல, எங்க வீட்டுல, துக்கம் கேட்க வந்தவங்க வாயில, எல்லாத்துலயும் ஒரே கிரகணம்தான். கிரகணத்தை விட்டா மூணாவது மாசம் யாரோ வீட்டுல சாப்பிட்ட பப்பாளி. அதையும் விட்டா ஸ்கூட்டி. அக்கா ஒரு வார்த்தை பதில் பேசலை. அவளும் அதை நம்பிட்டாள்னு எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சது. எனக்கு அப்போ 22 வயசு. முதல் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம். இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்னு ஒதுங்கிட்டேன். நம்மகிட்ட யாரும் சொல்றதும் இல்லை, நாமளும் கேக்கறது இல்லை.

அப்போ அந்த மாத்திரை? அதைத் தேடப் போனதுல, நான் ரெண்டு வருஷம் தினம் நடந்த தெருவுக்கே வந்து நின்னேன்.

1928-ல லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய் வந்து இறங்குறாங்க. வயசு நாற்பது. கேம்பிரிட்ஜ்ல தாவரவியலும் நிலவியலும் படிச்சவங்க, முதல் உலகப் போர் சமயத்துல தென்னாப்பிரிக்காவில நர்சிங் தொண்டு பண்ணிட்டு, அதுக்கப்புறம் லண்டன்ல பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில சேர்ந்து 1920-ல டாக்டர் ஆனவங்க. பம்பாய் பரேல்ல இருக்கிற ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்ல இருந்து வேலை. மார்கரெட் பால்ஃபர்ங்கிற டாக்டர் கூப்பிட்டு வந்தது. பிரச்சினை என்னன்னா, மில் தொழிலாளிக் குடும்பத்துப் பெண்கள் கர்ப்பமா இருக்கிறப்போ ஒரு கடுமையான ரத்தசோகை வந்து செத்துப் போறாங்க. சாதாரண ரத்தசோகையில சிவப்பணு சின்னதாகும். இதுல பெருசா, ஊதின மாதிரி இருக்கும், ஆனா எண்ணிக்கை ரொம்பக் கம்மி.

வில்ஸ் மைக்ரோஸ்கோப்போட நிக்கலை. இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. வசதியான வீடுகள்ல இந்த நோய் குறைவு. காய், பழம், பால் அதிகம் சேராத ஏழைகள்கிட்டதான் அதிகம். அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, எலிகளுக்கும் சோகை வந்துச்சு. ஆகா கண்டுபிடிச்சாச்சுன்னு நினைச்சா, எலிகள் மேல இருந்த பேன் மூலமா பரவின ஒரு தொற்று கணக்கைக் கெடுத்து வெச்சிருந்தது. (டெஸ்ட் என்விரான்மென்ட்ல எவனோ வேற ப்ராசஸ் ஓட விட்ட கதைதான்.) மறுபடியும் முதல்லேர்ந்து, இந்தத் தடவை குரங்குகளோட.

ஒரு குரங்கு ரொம்ப மோசமான நிலைக்குப் போனப்போ, கடைசி முயற்சியா மார்மைட் கொடுத்ததா சொல்றாங்க. பீர் காய்ச்சி முடிச்சப்புறம் மிஞ்சுற ஈஸ்ட்லேர்ந்து தயாரிக்கிற, பிரெட்டுல தடவித் திங்கிற கருப்புப் பசை. எனக்கு ஒரு தடவை ஆன்சைட் போன நண்பன் வாங்கிட்டு வந்தான். உப்புக்கரிச்ச தார் மாதிரி இருந்துச்சு. குரங்கு பிழைச்சுக்கிச்சு. அப்புறம் பெண்களுக்குக் கொடுத்தாங்க, அவங்களும் தேறினாங்க. விலை மலிவு, சைவம் வேற. 1931-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை வந்துச்சு. அந்த ஈஸ்ட்டுக்குள்ள இருக்கிற பேர் தெரியாத பொருளுக்கு "வில்ஸ் ஃபேக்டர்"னு பேர் நின்னுடுச்சு. அப்போ ரத்தசோகைக்குக் கல்லீரல் சாறு பிரபலமான மருந்து. சுத்திகரிக்காத சாறு இந்தப் பெண்களுக்கு வேலை செய்யுது, சுத்திகரிச்ச சாறு வேலை செய்யலை. ஆக இது வேற ஏதோ ஒண்ணுன்னு வில்ஸ் பிடிச்சுக்கிட்டாங்க. கரெக்ட்தான். அந்த இன்னொண்ணு பிற்பாடு பி12-னு தெரிஞ்சது.

இதுல நம்ம ஊரு எங்க வருது? 1929-ல ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் வில்ஸ் இருந்தது குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல. 1931 ஆரம்பத்துல அவங்க வேலை பார்த்தது மெட்ராஸ்ல, சாதி மற்றும் கோஷாப் பெண்களுக்கான ஆஸ்பத்திரியில. இன்னிக்கு அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பேரு எவ்வளவு மாறினாலும் திருவல்லிக்கேணிக்காரங்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான். ரெண்டு வருஷம் அந்தச் சுவரை ஒட்டித்தான் பஸ் பிடிக்கப் போனேன். ஆண் டாக்டர்கள்கிட்ட வராத பெண்களுக்காக மேரி ஷார்லீப்ங்கிற டாக்டர் 1885-ல தொடங்கின இடம் அது. அவங்க 1875-ல சென்னை மருத்துவக் கல்லூரியில சேர்ந்த முதல் நாலு பெண்கள்ல ஒருத்தர். அதுவே தனிப் பதிவுக்கான சமாச்சாரம், அப்புறம் பார்ப்போம்.

வில்ஸ் தேடினது தாயோட ரத்தத்தை. கருவைப் பத்தின பேச்சே அப்போ இல்லை. அந்தப் பேர் தெரியாத பொருளை 1941-ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ்னு மூணு பேர் நாலு டன் பசலைக்கீரையை அரைச்சு வடிகட்டிப் பிரிச்சாங்க. நாலு டன்! இலைக்கு லத்தீன்ல ஃபோலியம், அதனால ஃபோலிக் ஆசிட். ஆனா கீரையிலேர்ந்து எடுத்தா ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்க முடியாதே. ஆய்வுக்கூடத்துல செயற்கையா செஞ்சாகணும். அதை 1945-ல செஞ்சு முடிச்சது நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவர்ல இருந்த லெடர்லி கம்பெனியோட குழு. அதோட ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

பீமாவரத்துக்காரர். ரெண்டு தடவை கோட்டை விட்டு மூணாவது தடவைதான் மெட்ரிகுலேஷன் தேறினார், அதுவும் திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல்ல. (கோஷா ஆஸ்பத்திரியிலேர்ந்து நடந்தே போயிடலாம். நான் நடந்திருக்கேன்.) சென்னை மருத்துவக் கல்லூரியில படிக்கிறப்போ காந்தி சொன்னார்னு கதர்ல ஆபரேஷன் அங்கி போட்டுக்கிட்டு வந்ததுல வெள்ளைக்கார சர்ஜரி ப்ரொபசருக்குக் கோபம். முழு எம்.பி.பி.எஸ். கிடைக்காம எல்.எம்.எஸ். சான்றிதழோட வெளிய வந்தார். அவரோட சகோதரர்கள் ரெண்டு பேர் சில நாள் இடைவெளியில ஸ்ப்ரூங்கிற குடல் நோய்ல செத்துப் போனாங்க. அவருக்கே வந்து, ஆயுர்வேத வைத்தியத்துல பிழைச்சார். அந்த ஸ்ப்ரூவில குடல் சத்தை உறிஞ்ச முடியாம போகுது, ஃபோலிக் ஆசிட் குறைஞ்சு போகுது. பின்னாடி அதே மாத்திரைதான் அந்த நோய்க்கும் மருந்தாச்சு. மனுஷன் 1948-லயே போய்ச் சேர்ந்துட்டார்.

சரி, ரத்தசோகை மருந்து எப்படி கருவுக்கு வந்துச்சு? வழி கொஞ்சம் கோணல். ஃபோலிக் ஆசிட் இல்லாம செல் புதுசா டி.என்.ஏ. செய்ய முடியாது, டி.என்.ஏ. இல்லாம ரெண்டாப் பிரிய முடியாது. அப்போ ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்தா புற்றுநோய் செல்லையும் நிறுத்தலாமேன்னு சுப்பாராவ் குழு அமினோப்டெரின்னு ஒண்ணைச் செஞ்சது. அதை 1947, 48-ல பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, சிலர் தற்காலிகமா தேறினாங்க. புற்றுநோய் மருந்துகளோட கதையே அங்கதான் சூடு பிடிக்குது. அதே மருந்தைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தினதை 1952-ல தியர்ஷ்னு ஒரு டாக்டர் எழுதினார். சில கருக்கள் குறைபாட்டோட வந்திருந்துச்சு. ஃபோலிக் ஆசிட்டைப் பிடுங்கினா கரு உருக்குலையுதுன்னு அங்க ஒரு சின்ன மணி அடிச்சது.

அந்த மணியைச் சரியாக் கேட்டவங்க லிவர்பூல்ல எலிசபெத் ஹிப்பர்டும் ரிச்சர்ட் ஸ்மித்தெல்ஸும். அவங்க மகப்பேறு மருத்துவர், இவர் குழந்தை மருத்துவர். குறைபாட்டோட குழந்தை பெத்த அம்மாக்கள்கிட்ட ஃபோலிக் ஆசிட் கணக்கு சரியில்லைன்னு 1965-ல லான்செட் இதழ்ல எழுதினாங்க. பிரிட்டன்ல ஏழைக் குடும்பங்கள்ல இந்தக் குறைபாடு அதிகம்ங்கிறதும் பொருந்தி வந்துச்சு. பம்பாய்ல வில்ஸ் பார்த்த அதே ஏழைத் தட்டு.

ஆனா எந்த நாள்ல கொடுக்கணும்? இந்த இடத்துல இன்னொரு கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டாகணும். 1887-ல ஃப்ராங்க்ளின் மால் சேர்க்க ஆரம்பிச்சு, பிறகு பால்டிமோர்ல கார்னகி நிறுவனம் பாதுகாத்த மனிதக் கருத் தொகுப்பு. அதை வெச்சுத்தான் முதல் எட்டு வாரத்தை 23 நிலையாப் பிரிச்சாங்க. குழாய் எப்போ மூடுதுங்கிறதும் அங்கேர்ந்து வந்த அறிவு. அதுக்கும் முந்தின நாட்களுக்காக 1938-லேர்ந்து ஹெர்டிக், ராக்னு ரெண்டு டாக்டர்கள் பாஸ்டன் பக்கம், கருப்பை எடுக்கப் போற பெண்களைத் தேதி குறிச்சு வெச்சுக்கச் சொல்லி, 211 பெண்கள்கிட்டேர்ந்து 34 இளங்கருக்களைச் சேகரிச்சாங்க. எல்லாமே 17 நாளுக்குள்ள. இன்னிக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதுக்கு அனுமதி கொடுக்காதுன்னுதான் தோணுது. ஆனா என் டாக்டர் சீட்டுப் பின்னாடி கிழிச்ச கோடு அவங்க போட்டது.

ஸ்மித்தெல்ஸ் லீட்ஸுக்குப் போனப்புறம், ஏற்கனவே ஒரு குழந்தை இப்படிப் பிறந்த அம்மாக்களைக் கூப்பிட்டு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே ஃபோலிக் ஆசிட் கலந்த வைட்டமின் மாத்திரையை ஆரம்பிச்சார். 1980-ல முடிவு. மாத்திரை எடுத்தவங்கள்ல 178-க்கு 1. எடுக்காதவங்கள்ல 260-க்கு 13. இதைப் பார்த்ததும் உலகம் குதிச்சிருக்கணும் இல்லையா? குதிக்கலை. ஏன்னா எடுக்காதவங்க யாருன்னா, ஏற்கனவே கர்ப்பமாயிட்டவங்க, வேணாம்னு சொன்னவங்க. முன்கூட்டியே திட்டம் போட்டு மாத்திரை சாப்பிடுற பெண் இயல்பாவே வசதியான, கவனமான பெண்ணா இருக்கலாம், அதனாலயே குழந்தை நல்லா இருக்கலாம்னு கேள்வி. நம்ம ஏ-பி டெஸ்டிங்ல யூசரே தனக்குப் பிடிச்ச பக்கத்தைத் தேர்ந்தெடுத்த மாதிரி. வெத்து மாத்திரையோட ஒப்பிட்டுச் செய்யத்தான் ஸ்மித்தெல்ஸ் முதல்ல கேட்டார். நெறிமுறைக் குழுக்கள்தான் கூடாதுன்னுடுச்சு. அப்புறம் ஏன் ஒப்பிடலைன்னு இவரையே கேட்டாங்க. பாவம் மனுஷன்.

1983-ல பிரிட்டனோட மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில், நிக்கோலஸ் வால்ட் தலைமையில பெரிய சோதனையை ஆரம்பிச்சது. 7 நாடு, 33 மையம், 1,817 பெண்கள். எல்லாரும் ஏற்கனவே ஒரு குழந்தையை இந்தக் குறைபாட்டுக்குப் பறிகொடுத்தவங்க அல்லது அப்படி ஒரு குழந்தையை வளர்க்கிறவங்க. குலுக்கல் முறையில நாலு குழு. ரெண்டு குழுவுக்கு தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் உண்டு, ரெண்டுக்கு இல்லை. யாருக்கு எதுன்னு யாருக்கும் தெரியாது. 1991 ஏப்ரல்ல கண்காணிப்புக் குழு பாதியிலயே நிறுத்தச் சொல்லிடுச்சு. முடிவு தெளிவா தெரிஞ்சுபோச்சு. 1,195 கர்ப்பங்கள்ல 27 குழந்தைகளுக்குக் குறைபாடு. ஃபோலிக் ஆசிட் எடுத்த பக்கம் 6, எடுக்காத பக்கம் 21. 72 சதவீதம் குறைவு. சும்மா மத்த வைட்டமின்கள் மட்டும் எடுத்ததுல பிரயோஜனம் இல்லை.

இந்த 21-ஐப் படிச்ச அன்னிக்கு எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. 1980-லயே 178-க்கு 1-னு தெரியுமேடா, எதுக்கு அந்த அம்மாக்களுக்கு வெத்து மாத்திரை? அந்தக் காலத்துலயே பலர் இப்படித்தான் சண்டை போட்டிருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு நிதானமா யோசிச்சப்போ, அந்தச் சோதனை இல்லாம யாரும் நம்பியிருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு. நம்ம ஐ.சி.எம்.ஆரும் 1988-ல இதே மாதிரி ஒரு சோதனையை ஆரம்பிச்சு, பிரிட்டிஷ் முடிவு வந்ததும் 1991-ல நிறுத்திட்டாங்க. அதுலயும் வெத்து மாத்திரைப் பக்கம் சுமார் 7 சதவீதம், வைட்டமின் பக்கம் சுமார் 3 சதவீதம். பாதியில நிறுத்தினதால புள்ளியியல் கணக்குல அடிச்சுச் சொல்ல முடியலை. ஹங்கேரியில ஆன்ட்ரூ சைசல், முதல் குழந்தைக்கே இது உதவும்னு 1992-ல காட்டினார். எடுத்த பக்கம் ஒண்ணுகூட இல்லை, எடுக்காத பக்கம் 6. சீனாவுல சுமார் இரண்டரை லட்சம் பெண்களை வெச்சு 400 மைக்ரோகிராமே போதும்னு 1999-ல தெரிஞ்சது. வடக்குப் பகுதியில ஆயிரத்துக்கு 4.8-ஆ இருந்தது 1.0-ஆ இறங்குச்சு.

என்னால மன்னிக்க முடியாதது அதுக்கப்புறம் நடந்த சோம்பேறித்தனம்தான். பாதிக்குப் பாதி கர்ப்பம் திட்டம் போடாமலே வருது, அதனால மாவுலயே கலந்துடுங்கன்னு அமெரிக்கா 1998-ல சட்டமாக்கிடுச்சு. கனடாவும் அப்படியே. சோதனையைச் செஞ்ச பிரிட்டன் என்ன பண்ணுச்சு தெரியுமா? பி12 குறைபாட்டை இது மறைச்சிடுமோன்னு பேசிப் பேசியே காலத்தைக் கடத்துச்சு. 2000-லயும் 2006-லயும் நிபுணர் குழுக்கள் கலக்கச் சொல்லியும் அசையலை. 2021-லதான் முடிவை அறிவிச்சது, 2024-லதான் சட்ட விதி வந்தது. தன்னோட சொந்த யூனிட் டெஸ்ட் பாஸ் ஆகி முப்பது வருஷம் ரிலீஸ் பண்ணாம வெச்சிருந்த டீம்!

நம்ம ஊர்ல? 2018-ல வந்த அனீமியா முக்த் பாரத் வழிகாட்டியிலயே இருக்கு, கர்ப்பத்துக்கு முன்னாடியிலேர்ந்து முதல் மூணு மாசம் வரைக்கும் தினம் 400 மைக்ரோகிராம்னு. தாள்ல எல்லாம் சரியா இருக்கு. ஆனா சிஸ்டம் பெண்ணைச் சந்திக்கிறதே கர்ப்பம் ஆனப்புறம்தான். நம்ம மாநிலத்துல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணச் சொல்றாங்க, அது நல்ல விஷயம்தான். ஆனா குழாய் மூடுறது டாக்டர் கணக்குல ஆறாவது வாரம். சரி, கீரையும் பயறும் சாப்பிட்டா போதாதான்னு தங்கமணி கேட்டா. சாப்பிடணும்தான். ஆனா கீரையில இருக்கிற ஃபோலேட் சூட்டுல கொஞ்சம் போயிடும், வடிச்ச தண்ணியில கொஞ்சம் போயிடும். உடம்பும் மாத்திரையில இருக்கிறதை விடக் கம்மியாத்தான் அதை உறிஞ்சுது.

இதையெல்லாம் படிச்சு முடிச்ச ஒரு ஞாயித்துக்கிழமை அக்காவுக்கு போன் போட்டேன். அவளோட பழைய ஸ்கேன் ரிப்போர்ட் தேதி கேட்டேன். அவ எதையுமே தூக்கிப் போடலை, பீரோவுல வெச்சிருந்தா. ரெண்டு பேரும் போன்லயே கணக்குப் போட்டோம். கடைசி மாதவிலக்கு 2019 செப்டம்பர் 5. கரு உண்டானது சுமார் செப்டம்பர் 19. இருபத்தெட்டாவது நாள் அக்டோபர் 17. ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன இருக்கலாம். அவ வீட்டுல டெஸ்ட் பண்ணிப் பார்த்தது தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, அக்டோபர் 20. தீபாவளி முடிஞ்சு டாக்டர்கிட்ட போனப்போ ஃபோலிக் ஆசிட்டும் எழுதித்தான் கொடுத்தாங்க. பப்பாளி நவம்பர் கடைசி. கிரகணம் டிசம்பர் 26.

"அப்போ மாடிக்குப் போறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே..." அப்படின்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டா.

"ஆமாக்கா. நீ மாசமா இருக்கேன்னு உனக்கே தெரியறதுக்கு முன்னாடி."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நானும் ஒண்ணும் பேசலை. மாத்திரை எடுத்திருந்தா கண்டிப்பா தப்பிச்சிருக்கும்னு அவகிட்ட நான் சொல்லலை, சொல்லவும் முடியாது. எடுத்த பக்கத்துலயும் 6 இருந்துச்சே. ரெண்டாவது தடவை அவளோட டாக்டர் மூணு மாசம் முன்னாடியே பெரிய டோஸ் ஆரம்பிச்சாங்க. 2021-ல பொறந்த பாப்பா இப்போ வீட்டை ரெண்டாக்குது. ஆனா எதுக்கு அந்த மாத்திரைன்னு அப்போ யாரும் அவளுக்கு விளக்கலையாம். சத்து மாத்திரைன்னு நினைச்சிருக்கா.

அக்கா போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்கிறதும், அம்மா பக்கத்துலதான் வெண்டைக்காய் நறுக்கிட்டு இருந்தாங்கங்கிறதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். அம்மா அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லலை. பத்து நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. வழக்கமான சாப்டியா, மழையா எல்லாம் முடிஞ்சப்புறம், "சித்தி பொண்ணுக்கு ஐப்பசியில கல்யாணம் வெச்சிருக்காங்கடா" அப்படின்னாங்க.

"தெரியுமே, பத்திரிகை வந்துச்சு."

"அந்த மாத்திரை பேரு என்னமோ சொன்னியே, அதைத் தமிழ்ல எழுதி வாட்ஸப்புல அனுப்பு. அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். பொதுவா சொல்றது 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்குக் குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடியிலேர்ந்து 12 வாரம் வரைக்கும். முன்னாடி ஒரு குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருந்தவங்க, சர்க்கரை நோய் உள்ளவங்க, வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறவங்களுக்கெல்லாம் டோஸ் வேற. அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.